நாளுக்கு ஒரு மணி நேரம்

அன்புள்ள ஐயா,

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் 22 ஆண்டுகளாக எழுத்தராக இருக்கிறேன். வயது 51. இந்த ஆண்டு பேரேடுகள் எல்லாம் கணினிக்கு மாறின. காலை முதல் மாலை வரை இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஊர் திரும்புவதற்குள் பாதி மறந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் இருக்கும் 26 வயதுப் பெண் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டாள். “ஐம்பதைத் தாண்டினால் மண்டையில் ஏறாது அம்மா” என்று செயலாளர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அவர் சொன்னது உண்மைதானா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உண்மையில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம்தான். இரண்டு நாள் பயிற்சியில் இருந்த கோளாறை உங்கள் வயதின் தலையில் கட்டிவிட்டார்கள்.

பிரிட்டனில் அஞ்சல் துறை இயந்திரமயமானபோது தபால்காரர்கள் விசைப்பலகை கற்க வேண்டியிருந்தது. ஆலன் பேட்லி, லாங்மன் என்ற இரு ஆய்வாளர்கள் அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே பயிற்சி. இன்னொரு குழுவுக்கு இரண்டிரண்டு மணி நேரமாக நாளுக்கு நான்கு மணி. விசைப்பலகையைக் கற்றுக்கொள்ள முதல் குழுவுக்கு மொத்தம் சுமார் 35 மணி நேரம் போதுமாக இருந்தது. நான்கு மணிக் குழுவுக்குச் சுமார் 50 ஆனது. 1978-இல் வெளியான இந்த ஆய்வில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. குறைந்த நேரத்தில் கற்ற அந்த ஒரு மணிக் குழுதான் தன் பயிற்சியைப் பற்றி அதிகம் குறைபட்டது. நாள்கணக்கில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள் அல்லவா? நன்றாகக் கற்றுக்கொண்டிருப்பவருக்கே தான் பின்தங்குவதாகத் தோன்றும். உங்களுக்குத் தோன்றுவதும் அப்படிப்பட்டதாக இருக்கலாம்.

நம் ஊர் தட்டச்சுப் பயிலகங்கள் இதை எந்த ஆய்வும் இல்லாமலே செய்துவந்தன. நாளுக்கு ஒரு மணி நேரம். நான் ஏ, எஸ், டி, எஃப் என்று அடித்துப் பழகியதும் அப்படித்தான்.

இனி வயது. வயதானால் கை மெதுவாகும், அதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்க உளவியலாளர் திமோதி சால்ட்ஹவுஸ் 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சாளர்களைச் சோதித்து 1984-இல் முடிவுகளை வெளியிட்டார். திரையில் எழுத்தைக் கண்டதும் அதற்குரிய விசையை அழுத்துவது போன்ற சோதனைகளில் மூத்தவர்கள் பின்தங்கினார்கள். தட்டச்சில் பின்தங்கவில்லை. காரணம், அவர்களுடைய கண் விரலைவிட அதிக எழுத்துகள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. விரலில் இழந்ததைக் கண்ணால் ஈடுகட்டினார்கள். வரவிருக்கும் எழுத்துகளை மறைத்து, ஒவ்வொன்றாகக் காட்டியபோது எல்லோர் வேகமும் சரிந்தது.

எனக்கு உங்கள் நினைவு வந்தது இந்த இடத்தில்தான். சிட்டா அடங்கலோடு ஒருவர் பயிர்க்கடனுக்கு வந்து நின்றால், அடுத்து எந்தப் பேரேடு, எந்தப் பக்கம், யார் கையெழுத்து என்று உங்கள் கண் முன்னால் ஓடியிருக்கும். புதிய மென்பொருள் ஒவ்வொரு திரையாகத்தான் காட்டுகிறது. நீங்கள் 22 ஆண்டுகளாகச் சேர்த்த பலத்தை அது மறைத்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு மறைக்கப்பட எதுவும் இல்லை. அவளுக்குத் திரைதான் முதல் பேரேடு. அவள் கெட்டிக்காரியாகவும் இருக்கலாம். ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே கற்கும் வேகம் பெரிதும் வேறுபடும். ஆகவே அவளை வைத்து உங்களை அளக்காதீர்கள். அவளிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஒரு பெரிய தாளை எடுங்கள். பயிர்க்கடன் ஒன்றை மனு முதல் வசூல் வரை உங்கள் பழைய வழக்கப்படியே வரையுங்கள். ஒவ்வொரு படியின் பக்கத்திலும் அதற்குரிய திரையின் பெயரை அந்தப் பெண்ணின் உதவியோடு எழுதுங்கள். பிறகு நாள்தோறும் ஒரு மணி நேரம், ஒரே ஒரு வேலை. முதல் வாரம் பயிர்க்கடன் மட்டும், நகைக்கடனைத் தொட வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தை அலுவலக நேரத்திலேயே ஒதுக்கித் தரும்படி செயலாளரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். வேண்டுமானால் இந்தப் பதிலை அச்சிட்டு அதனுடன் இணைத்துக் கொடுங்கள்.

தாளை வரைந்து முடித்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்க்க ஆவலாக இருக்கிறேன்.