நெடுந்தொலைவு ஓட்டமும் பயிற்சிக் குறிப்பேடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஓடத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. 5 கிலோமீட்டர் இப்போது மூச்சு வாங்காமல் முடிகிறது. அடுத்த மாதமே 15 கிலோமீட்டருக்குப் போகலாமா?

பதில்: வேண்டாம். மூச்சு வாங்கவில்லை என்பது நல்ல சேதிதான். ஆனால் அது இதயமும் நுரையீரலும் தரும் சம்மதம் மட்டுமே. சில வாரப் பயிற்சியிலேயே இரத்தத்தின் அளவு கூடி, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தமும் மிகுந்துவிடுவதால், மூச்சு விரைவில் வசப்பட்டுவிடுகிறது. எலும்போ, பழைய திசுவை முதலில் அரித்தெடுத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டத் தொடங்குகிறது. அந்தச் சுற்று முடிய மூன்று நான்கு மாதங்கள் ஆகும் என்பதால், இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பைவிடச் சற்று வலுக்குறைந்தே இருக்கும். கெண்டைத்தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும், இரத்த ஓட்டம் குறைவாக உள்ள குதிகால் நாணும் அப்படித்தான், மெதுவாகவே பழகும். "நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தேன், திடீரென்று கீழ்க்கால் எலும்பில் வலி" என்று எனக்கு எழுதுபவர்களில் பலர் இரண்டாம், மூன்றாம் மாதத்தில் இருப்பவர்கள்.

வாரத்தில் ஒரு நாள் ஓட்டத்தை மட்டும் 6, 7, 8 என நீட்டுங்கள். நான்காவது வாரம் மீண்டும் 6-க்கு இறங்குங்கள். பிறகு 9, 10, 11 போய் 8. அடுத்து 12, 13, 14 போய் 10. பதின்மூன்றாவது வாரத்தில் 15 தானாக வந்து நிற்கும். மற்ற நாள் ஓட்டங்கள் இப்போதிருக்கும் அளவிலேயே இருக்கட்டும்.

கேள்வி: வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: நினைவில் வைக்க எளிது என்பதைத் தாண்டி அதற்குப் பெரிய ஆதாரம் இல்லை. நெதர்லாந்தில் புதிய ஓட்டக்காரர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 10 சதவீத விதிப்படி 13 வாரமும், மற்றதற்கு வழக்கமான முறையில் 8 வாரமும் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வெளியானது. இரு குழுவிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் காயப்பட்டார். வாரம் 10 கிலோமீட்டர் ஓடுபவருக்கு இந்த விதி மிகையான தயக்கம். வாரம் 60 ஓடுபவர் இதையே விடாமல் பின்பற்றினால் எட்டு வாரத்தில் தூரம் இரு மடங்கைத் தாண்டிவிடும். அது துணிச்சல் அல்ல, அசட்டுத்தனம். என் பரிந்துரை வேறு: தூரம், வேகம், மேடு ஆகிய மூன்றில் ஒரே வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள்.

கேள்வி: மெதுவாகத்தான் ஓடுகிறேன், பேசிக்கொண்டே ஓட முடிகிறது. ஆனால் கைக்கடிகாரம் இதயத் துடிப்பு 175 என்று காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: முழு வாக்கியங்களாகப் பேச முடிகிறதென்றால் முதலில் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். அது தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி, இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை எண்ணுகிறது; பட்டை தளர்வாக இருந்தால் காலடியின் அதிர்வையே துடிப்பு என்று எண்ணிவிடும். பலருடைய காலடி எண்ணிக்கை நிமிடத்துக்கு 160-இலிருந்து 180 வரை இருப்பதால், எண் பொருத்தமாகவே தோன்றி ஏமாற்றும். சட்டென நின்று, கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்கிப் பாருங்கள். கையால் எண்ணியும் அதே அளவு வந்தாலோ, படபடப்பு, மார்வலி, தலைசுற்றல் இருந்தாலோ மருத்துவரிடம் போங்கள். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கும் சராசரி மட்டுமே. தனிமனிதருக்கு அது 10, 12 துடிப்பு கூடக் குறைய இருப்பது சாதாரணம்.

கேள்வி: ஆப் எல்லாவற்றையும் பதிவு செய்துவிடுகிறது. தனியாகக் குறிப்பேடு எதற்கு?

பதில்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்பதை ஆப் அறியும், அந்த 8 கிலோமீட்டர் உங்களுக்கு எப்படி இருந்தது என்பது அதற்குத் தெரியாது. ஒலிம்பிக் மாரத்தானை இருமுறை வென்ற கென்யாவின் எலியுட் கிப்சோகே போன்ற ஓட்டக்காரரே பயிற்சியை நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி வருகிறார். நாள்தோறும் இரண்டு வரி போதும்: "செவ்வாய். 8 கி.மீ., 58 நிமிடம், கடினம் 4. தூக்கம் 5 மணி நேரம். இடது குதிகால் முதல் 10 நிமிடம் இறுக்கம், பிறகு தெரியவில்லை." கடினம் என்பது 0 முதல் 10 வரை நீங்களே போடும் மதிப்பெண், ஓட்டம் முடிந்து அரை மணி நேரம் கழித்துப் போட்டால், கடைசி வேக ஓட்டத்தின் களைப்பு அதைத் திரிக்காது. நிமிடத்தை அந்த மதிப்பெண்ணால் பெருக்கினால் அன்றைய சுமை 58 × 4 = 232. வாரச் சுமையைக் கூட்டிப் பார்த்தால், தூரம் மாறாமலேயே உடம்பு திணறும் வாரங்கள் கண்ணில் படும்.

மேலே காட்டிய குதிகால் வரி கற்பனையல்ல, என் பழைய நோட்டில் உள்ளது. குதிகால் நாண் வீங்கி ஆறு வாரம் முடங்கிக் கிடந்தபோது பக்கங்களைப் புரட்டினேன். அதே வரி, சொல் மாறாமல், அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் நான்கு முறை எழுதப்பட்டிருந்தது. எழுதியிருந்தேன், படிக்கவில்லை. அதன் பிறகு ஞாயிறுதோறும் அந்த வாரப் பக்கத்தைப் படித்து, ஒரே இடத்து வலி இரண்டாம் முறை வந்திருந்தால் சிவப்பில் வட்டமிட்டு, அடுத்த வாரத் தூரத்தைக் குறைத்துவிடுகிறேன்.

கேள்வி: மாரத்தான் 42.195 கிலோமீட்டர். என் கடிகாரம் 42.8 காட்டியது. பாதையை அளந்ததில் பிழையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட பாதையை, சக்கரச் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில், வளைவுகளின் உள் ஓரத்தை ஒட்டி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளக்கிறார்கள். குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 42 மீட்டர் கூட்டியும் வைக்கிறார்கள். நீங்களோ கூட்டத்தை விலக்கி, வளைவின் வெளிப்புறமாக ஓடியிருப்பீர்கள். ஜிபிஎஸ் பிழையும் அதில் சேரும். எனவே இலக்கு நேரத்தைக் கடிகாரத்தின் வேகத்தை நம்பி வகுக்காமல், பாதையோரக் கிலோமீட்டர் பலகைகளை வைத்து வகுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காய்ச்சலால் ஒரு வாரப் பயிற்சி போய்விட்டது. விட்டதை எப்படி ஈடுகட்டுவது?

பதில்: ஈடுகட்ட வேண்டாம். ஒரு வார ஓய்வில் இழப்பது மிகச் சிறிது. காய்ச்சலோடு ஓடுவதோ இதயத் தசை அழற்சிக்கு இடம் கொடுக்கக்கூடும். காய்ச்சல் முழுதும் விட்ட பின் சில நாள் குறைந்த தூரம் மெதுவாக ஓடிவிட்டு, அட்டவணையை விட்ட வாரத்திலிருந்தே தொடருங்கள். குறிப்பேட்டில் அந்த வாரத்துக்கு எதிரே "காய்ச்சல்" என்று மட்டும் எழுதுங்கள். அதற்கு அடுத்த வாரத்தில் கடினம் வழக்கத்தைவிட ஓரிரு புள்ளி கூடியிருந்தால், காரணம் அங்கேயே இருக்கும்.