பட்டமரத்தை வெட்டிடாதீங்க சார்!

கேள்வி: 2 வருஷம் முன்னாடி 5 ஏக்கர் நிலம் வாங்கினேன் சார். பறவை, விலங்கு எல்லாம் வந்து தங்கணும்னு ஆசைப்பட்டு புதரெல்லாம் அடிச்சு க்ளீன் பண்ணி, வரிசையா 300 மரக்கன்னு நட்டு, குட்டை வெட்டி மீனும் விட்டிருக்கேன். ஆனா காக்கா, மைனா தவிர ஒண்ணும் எட்டிப் பாக்கல, எலித்தொல்லைதான் ஜாஸ்தி ஆச்சு. மூலையில ஒரு பட்டமரம் நிக்குது, அதையும் எடுத்துடலாமா?

பதில்: கோச்சுக்காதீங்க, மரம் நட்டது தப்பில்ல, அதுக்காக புதரை அடிச்சீங்க பாருங்க, அங்கதான் போச்சு. கௌதாரி, கீரி, சாரைப்பாம்புக்கெல்லாம் வீடே அந்த முள்ளும் வேலியோரமும்தான், வீட்டை இடிச்சுட்டு விருந்தாளிக்கு காத்திருந்தா எப்படி? இனிமே வேலியோரம் ஒரு பத்தடி அகலத்துக்கு கத்தி படாம விடுங்க, அது நடுவுல அறுபடாம குட்டை வரைக்கும் போனா இன்னும் நல்லது, சின்ன ஜீவன்கள் மறைவுலயே தண்ணிக்கு வந்துட்டு போகும்.

பட்டமரத்தை தொடவே தொடாதீங்க. கிட்ட போய் பாருங்க, பட்டை உரிஞ்ச இடத்துல சின்னச்சின்ன ஓட்டையா இருக்கும், கீழ மாவு மாதிரி மரத்தூள் கொட்டியிருக்கும், வண்டுப்புழு வேலை அது. அந்தப் புழுவைத் தேடி மரங்கொத்தி வரும், அது குடைஞ்சுட்டு விட்ட பொந்துல அப்புறம் கிளியோ மைனாவோ புள்ளி ஆந்தையோ குடியேறும். விழுந்துடும்னு பயமா இருந்தா மேல்கிளையை மட்டும் கழிச்சுடுங்க.

எலிக்கு மருந்து வைக்கிறீங்களான்னு நீங்க எழுதல, வச்சா நிறுத்துங்க. ரத்தம் உறையவிடாத வகை மருந்தைத் தின்ன எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடிட்டே திரியும், அதைக் கூகை (ஒரு வகை ஆந்தை) பிடிச்சுத் தின்னா விஷம் அதுக்கும் ஏறிடும். மருந்தே இல்லாம ராத்திரிக்கு 3, 4 எலியை காலி பண்ற ஆளு அது! எலியை முழுசா முழுங்கி முடியையும் எலும்பையும் உருண்டையா கக்கிடும், அந்த உருண்டையை தண்ணில ஊறவச்சுப் பிரிச்சா எலி மண்டை ஓடு அப்படியே கிடைக்கும் (பசங்க இருந்தா காட்டுங்க, ஸ்கூல் ப்ராஜெக்ட் எல்லாம் பக்கத்துலயே வராது).

குட்டையில இருந்து மீனை எடுத்துடுங்க, தலைப்பிரட்டையை தின்னுடும், அப்புறம் தவளை எங்கேர்ந்து வரும்? கொசுப்புழுவைப் பத்தி கவலை வேணாம், தட்டான்பூச்சியோட குஞ்சுங்க தண்ணிக்குள்ள இருந்தே நிறைய பிடிச்சுத் தின்னும். கரை ஒரு பக்கமாவது சரிவா இருக்கட்டும்.

கேள்வி: மெஷின்ல புல் அறுக்கறப்ப ஆள்காட்டிக் குருவி முட்டை நசுங்கிடுச்சு, மனசே சரியில்ல. என்ன பண்றது?

பதில்: மண் கலர்லயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, உங்க மேல தப்பில்ல. தலைக்கு மேல கத்திட்டே சுத்துச்சுன்னா கூடு பக்கத்துலன்னு அர்த்தம், அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு மாசம் விட்டுடுங்க, குஞ்சு பொரிஞ்ச அன்னைக்கே நடக்க ஆரம்பிச்சுடும். மெஷினையும் ஓரத்துலேர்ந்து சுத்திச்சுத்தி உள்ள ஓட்டாதீங்க, எல்லாம் நடுவுல மாட்டிக்கும். நடுவுல ஆரம்பிச்சு வெளிய வாங்க, முயலும் கௌதாரியும் வேலிப் பக்கம் ஓடிப்போயிடும்.