வாசகர் கேள்வி பதில்: ஜிபி எல்லாம் ஒன்றா?

கேள்வி: கம்ப்யூட்டர் திணறுகிறதே என்று 60 ஜிபி வீடியோக்களை அழித்தேன். வேகம் கூடவே இல்லை. ரேம் 4 ஜிபி. என்ன காரணம்?

ரேமையும் ஹார்டு டிஸ்க்கையும் ஜிபி கணக்கிலேயே சொல்வதால் வரும் குழப்பம் இது. வீடியோக்கள் இருந்தது ஹார்டு டிஸ்க்கில். கரண்ட் போனாலும் அதில் பதிந்தது அழியாது. ரேம் அப்படியல்ல. இப்போது திறந்திருக்கும் வேலைகள் மட்டுமே அதில் இருக்கும், கம்ப்யூட்டரை அணைத்ததும் காலியாகிவிடும். சேவ் செய்யாத கடிதம் கரண்ட் போனால் காணாமல் போவது இதனால்தான்.

எது பற்றவில்லை என்று நீங்களே பார்க்கலாம். வழக்கமான வேலைகளைத் திறந்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'மெமரி' என்று இருப்பது ரேம்தான். அந்தத் தலைப்பைச் சொடுக்கினால் ரேமை அதிகம் பிடித்திருக்கும் புரோகிராம் மேலே வரும். பெரும்பாலும் அது பிரவுசராக இருக்கும். மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம் போதவில்லை. அப்போது விண்டோஸ், டிஸ்க்கில் ஒரு பகுதியை ரேமுக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளும். டிஸ்க் ரேமைவிட மிக மெதுவானது என்பதால் எல்லாமே தவழும். மெமரி குறைவாக இருந்தும் 'டிஸ்க்' 100 சதவீதத்திலேயே நின்றால், முதலில் ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டியாக (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) மாற்றுங்கள்.

ரேம் வாங்குமுன் வகையைப் பாருங்கள். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 நுழையாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. சில லேப்டாப்களில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற முடியாது.

கேள்வி: 512 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினேன். 476 தான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. தயாரிப்பாளருக்கு ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட். விண்டோஸுக்கோ 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 107,37,41,824 பைட். உங்கள் 51,200 கோடி பைட்டை இதால் வகுத்தால் 476 சொச்சம் வரும். 1 டிபி, அதாவது 1000 ஜிபி டிஸ்க் 931 ஜிபி என்று காட்டுவதும் இதே கணக்குதான்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் இணைப்பில் டவுன்லோடு 12 எம்பியைத் தாண்டவில்லையே?

தாண்டாது. இணைப்பின் வேகத்தைச் சொல்வது பிட்டில், ஃபைலின் அளவைச் சொல்வது பைட்டில். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. ஆங்கிலத்தில் எழுதும்போது சிறிய 'பி' பிட், பெரிய 'பி' பைட். விளம்பரத்தில் அந்த ஓர் எழுத்தைக் கவனியுங்கள்.

கேள்வி: தினமும் ஷட் டவுன் செய்கிறேன். பிறகு ரீஸ்டார்ட் எதற்கு?

விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது சிஸ்டத்தின் நிலையில் ஒரு பகுதி டிஸ்க்கில் பதிந்து, மறுமுறை அப்படியே திரும்ப ஏறும். பழைய கோளாறும் கூடவே வரலாம். ரீஸ்டார்ட் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். பிரின்டரோ வைஃபையோ முரண்டு பிடித்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.