வாசகர் கேள்வி – பதில்: பதாகையும் அழைப்பிதழும்

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் சிறிய அளவில் வரைகலை வடிவமைப்புச் செய்துவருகிறேன். சூழலுக்கு இசைவான வடிவமைப்பைப் பற்றி இணையத்தில் வாசிப்பவை எல்லாம் மீள்சுழற்சித் தாளையும் சோயா எண்ணெய் மையையும் பரிந்துரைக்கின்றன. இங்குள்ள அச்சகங்களில் அவற்றைக் கேட்டால் சிரிக்கிறார்கள். தருவித்தாலும் விலை கட்டுப்படியாகாது. எங்களுக்கு இது எட்டாத காரியமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: கப்பலில் வரும் தாளுக்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை, விரயத்தின் பெரும்பகுதி அச்சகத்துக்குப் போகுமுன் உங்கள் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. இப்போது பலரும் விரும்பும் சதுர அழைப்பிதழையே பாருங்கள். 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. நீளமும் கொண்ட ஏ4 தாளில் 210 மி.மீ. சதுரம் ஒன்றை வெட்டினால், எஞ்சும் 87 மி.மீ. துண்டு, அதாவது தாளில் ஏறத்தாழ 29 சதவீதம், குப்பைக்குப் போகிறது. முழு ஏ4 தாளையே குறுக்கே பாதியாக வெட்டினால் இரண்டு அழைப்பிதழ்கள் மிச்சமின்றிக் கிடைக்கும். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்த நாடு இது. ஆகவே அச்சகத்தில் இருக்கும் தாளின் அளவைக் கேட்டறிந்த பின்னரே வரையத் தொடங்குங்கள். இடத்தை மிச்சம்பிடிக்க அழைப்பிதழில் மாமன்மார், சித்தப்பாமார் பெயர்களைக் குறைக்கும்படி நான் சொல்லமாட்டேன். அது சொந்தபந்தங்களுக்குள் பகையை வளர்க்கும் வேலை.

பெரிய சிக்கல் பிளெக்ஸ் பதாகைதான். பொலியெஸ்ரர் வலையின்மேல் பிவிசி என்ற பிளாஸ்ரிக்கைப் பூசி ஆக்கப்படுவதால் இரண்டையும் பிரித்து மீள்சுழற்சி செய்வது கடினம். விழா முடிந்ததும் அது ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரையாகி, வெயிலில் உக்கி, கடைசியில் எரிக்கப்படுகிறது. அப்போது ஐதரசன் குளோரைட்டு, டயொக்சின்கள் ஆகிய நச்சுப்பொருள்கள் காற்றில் கலக்கின்றன. பிளாஸ்ரிக்கைத் திறந்தவெளியில் எரிப்பதை 2017ஆம் ஆண்டு வர்த்தமானி அறிவித்தல் தடைசெய்திருந்தும் வளவுக்குள் புகை எழும்புவது நிற்கவில்லை.

ஆண்டுதோறும் நடக்கும் திருவிழாவுக்கும் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கும், நிறுவனத்தின் பெயரையும் நிகழ்வின் பெயரையும் துணியில் எழுதுவித்து, ஆண்டையும் திகதியையும் தனித் துண்டில் கட்டும்படி அமைத்தால், அடுத்த ஆண்டு அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும். துணியில் திரை அச்சு (வலைத் திரையினூடாக மையை அழுத்திப் பதிக்கும் முறை) செய்வதானால் எழுத்தைச் சற்றுப் பெருப்பியுங்கள். சிறிய எழுத்தில் ‘ணை’, ‘இ’ போன்றவற்றின் சுழிகளை மை அடைத்துவிடும். முகப்படம் வேண்டிய கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்கு இந்த வழி பொருந்தாது. துக்க வீட்டில் போய் வாதிடவும் முடியாது. எனவே சனசமூக நிலையங்களிலும் விளையாட்டுக் கழகங்களிலும் தொடங்குங்கள்.

கேள்வி: பனையோலைப் பெட்டிகளில் நேரடியாக அச்சிடலாமா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: பின்னிய ஓலை, அச்சகங்களில் தாளில் அச்சிடும் ஓப்செற் இயந்திரத்துக்குள் போகாது. ஒற்றை நிறத்தில் தடித்த அடையாளம் ஒன்றைத் திரை அச்சில் பதிக்கலாம். பின்னலின் மேடுபள்ளத்தில் நுண்ணிய கோடுகள் உடையும் என்பதால் விவரங்களைச் சிறு தாள் துண்டில் அச்சிட்டு ஓலை நாரால் கட்டிவிடுவதே நல்லது. பெட்டியின் அளவைப் பின்னுபவரிடம் முதலில் கேளுங்கள். உங்கள் கணினித் திரையில் வரைந்த அளவுக்குப் பின்னச் சொன்னால் அவருடைய ஓலையும் நேரமும் வீணாகும், அதற்கான கூலியை எவரும் கொடுப்பதில்லை.