மகள் பெட்டி வரைவதைப் பார்த்துப் பயந்துபோன அம்மாவுக்கு

அம்மா, வணக்கம்.

போன வாரம் முக்கூடலில் பஸ் ஏறி, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டை வரைக்கும் என்னைப் பார்க்க வந்தீர்கள். அன்றைக்குக் கூட்டம் அதிகம், நிதானமாகப் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டது இரண்டு. "பிசிஏ சேத்தா கம்ப்யூட்டர் சொல்லித் தருவாங்கன்னு பாத்தா, நோட்டுல பெட்டி பெட்டியா வரைய வைக்காங்க, இது எதுக்கு?" என்பது ஒன்று. ஜங்ஷன் பக்கம் ஒரு சென்டரில் மூன்றே மாதத்தில் பைத்தான் (கம்ப்யூட்டருக்கு வேலை சொல்கிற ஒரு மொழி) சொல்லித் தருகிறோம், 25,000 ரூபாய் கட்டுங்கள் என்கிறார்கள், கம்மலை அடகு வைத்துக் கட்டிவிடலாமா என்பது இன்னொன்று.

இரண்டாவதற்கு முதலில் பதில்: இப்போது கட்ட வேண்டாம். கம்மல் காதிலேயே இருக்கட்டும். ஏன் என்பதற்கு அந்தப் பெட்டிகளைப் பற்றிப் பேச வேண்டும்.

ஒரு வேலையை எந்த வரிசையில் செய்வது, எங்கே நிறுத்துவது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதி வைத்தால் அது அல்காரிதம். அதையே படமாகப் போட்டால் ஃப்ளோசார்ட். தமிழில் பாய்வுப்படம் என்பார்கள். அல்காரிதம் என்ற சொல்லே 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல் குவாரிஸ்மி என்ற கணித அறிஞரின் பெயரிலிருந்து வந்ததுதான். கம்ப்யூட்டருக்கு ஆயிரம் வருஷம் முந்திய ஆள் அவர். எனவே உங்கள் மகள் மெஷினைத் தொடாமல் நோட்டில் படிக்கிறாளே என்று சங்கடப்பட வேண்டாம்.

நீங்கள் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுவதையே எடுத்துக்கொள்வோம். நனைத்த இலையை எடுக்கிறீர்கள். கிழிசல் இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். இருந்தால் ஒதுக்கிவிட்டு அடுத்த இலை. நல்ல இலை என்றால் அளவாக வெட்டி, தூள் வைத்து, சுற்றி, முனையை மடக்கி, நூல் கட்டுகிறீர்கள். 25 சேர்ந்தால் ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். கை தன்னால் போகிறது, யோசிப்பதே இல்லை. அதைத்தான் யோசித்து எழுதச் சொல்கிறார்கள்.

படத்தில் ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் நீள்வட்டம். இலையும் தூளும் உள்ளே வருவதற்கும் கட்டு வெளியே போவதற்கும் சாய்ந்த பெட்டி, அதாவது இணைகரம். வெட்டுவது, சுற்றுவது, கட்டுவது எல்லாம் செவ்வகம். "கிழிசல் இருக்கிறதா?" என்ற கேள்வி மட்டும் சாய்சதுரத்துக்குள் போகும். அதிலிருந்து ஆம், இல்லை என்று இரண்டு அம்பு பிரியும். "25 ஆகிவிட்டதா?" என்பதும் சாய்சதுரம்தான். ஆகவில்லை என்றால் அம்பு திரும்ப மேலே ஏறி அடுத்த இலைக்குப் போகும். இதைத்தான் லூப் என்கிறார்கள். முதல் வருஷத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் வழுக்கி விழுகிற படிக்கட்டு இது.

எப்படி விழுகிறார்கள் என்று பாருங்கள். எண்ணிக்கையை 0 என்று வைத்து, ஒரு பீடி முடிந்ததும் ஒன்று கூட்டி, "25 ஆகிவிட்டதா?" என்று கேட்டால் கணக்கு சரி. எண்ணிக்கையை 1 என்று ஆரம்பித்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டால் கட்டில் 24 தான் இருக்கும். ஒன்று கூட்டுகிற பெட்டியையே மறந்துவிட்டால் கட்டு முடியவே முடியாது, விடிய விடிய சுற்ற வேண்டியதுதான். ஒரு பீடி குறைந்தால் பீடிக்கடையில் செக்கர் பிடித்துவிடுவார். கம்ப்யூட்டர் பிடிக்காது. எழுதிக் கொடுத்ததை அப்படியே செய்துவிட்டுச் சும்மா இருக்கும்.

பைத்தான் படித்தால் இந்தத் தப்பு போய்விடுமா என்றால், போகாது. தப்பையும் பைத்தானில் எழுதுவாள், அவ்வளவுதான்.

நானும் இந்தக் கூத்தை அடித்தவன்தான். கல்லூரியில் ஃப்ளோசார்ட்டைக் கோலம் மாதிரி மனப்பாடம் செய்தேன், பரீட்சையில் ஸ்கேல் வைத்து அழகாகப் போட்டு மார்க்கும் வாங்கினேன். லேபில் ஒரு எண்ணை மாற்றிக் கேட்டதும் வாயடைத்து நின்றேன். படம் வரைந்தால் மட்டும் போதாது, உள்ளே ஒரு எண்ணைப் போட்டு, பெட்டி பெட்டியாக விரலை வைத்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

லீப் வருஷம் கண்டுபிடிக்க மகளை ஒரு படம் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் "4ஆல் வகுபடுகிறதா?" என்று ஒரே ஒரு சாய்சதுரம் போட்டு முடித்துவிடுவாள். 1900ஐ உள்ளே விடச் சொல்லுங்கள். 4ஆல் வகுபடும், ஆனால் அது லீப் வருஷம் இல்லை. 100ஆல் வகுபடுகிற வருஷம் 400ஆலும் வகுபட்டால்தான் லீப். 2000 தேறும், 1900 தேறாது. அடுத்த சாய்சதுரத்தை எங்கே செருகுவது என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும், சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. கம்பெனி வேலையில் நாள் முழுக்க யாரும் ஃப்ளோசார்ட் வரைந்துகொண்டிருப்பதில்லை. பெரிய புரோகிராமுக்கு அது வளவளவென்று நீண்டுவிடும், அங்கே வேறு முறைகள் உண்டு. ஆனால் இன்டர்வியூவில் ஒரு கணக்கைக் கொடுத்து "எப்படி யோசிக்கிறாய், சொல்" என்பார்கள். அங்கே தடுமாறாமல் பேசுகிற பிள்ளைகள் பெரும்பாலும் பேப்பரில் பழகியவர்கள்தான்.

மகள் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் என்றீர்கள். பயம் அதனால்தான், புத்திக் குறைவால் இல்லை. தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் அல்காரிதம் பற்றித் தனிப் பாடங்களே இருக்கின்றன. தமிழ் வழியிலும் உண்டு, இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அதை மட்டும் படிக்கட்டும், பின்னால் வருகிற சி பிளஸ் பிளஸ், அதுவும் பைத்தான் மாதிரி ஒரு கம்ப்யூட்டர் மொழி, இப்போது வேண்டாம். தினம் ஒரு கணக்கு, நோட்டில். பைத்தானும் இலவசம்தான், கல்லூரி லேபிலேயே போட்டுப் பார்க்கலாம். இரண்டாவது செமஸ்டர் முடிந்த பிறகும் தனியாக ஒரு கோர்ஸ் வேண்டும் என்று தோன்றினால் அப்போது பேசுவோம்.

அப்புறம், உங்களுக்கும் ஒரு வேலை. பீடி சுற்றுவதை அவளையே படமாகப் போடச் சொல்லுங்கள். அந்த நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு, அதில் இருக்கிறதை மட்டும் செய்யுங்கள். நூல் கட்ட எழுதாமல் விட்டிருந்தால் நீங்களும் கட்டாதீர்கள், பீடி அவிழட்டும். பிறகு அவள் திருத்துவாள். அடுத்த சனிக்கிழமை வரும்போது அடித்தல் திருத்தலோடு அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மார்க் ஷீட் வேண்டாம்.