குறுக்கு வலியும் ‘விலகிய’ ஜவ்வும்

கேள்வி: எனக்கு வயது 41. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பீடி சுற்றுகிறேன். மூன்று வாரங்களுக்கு முன்பு தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபோது குறுக்கில் சுரீரென்று பிடித்தது. அன்று முதல் வலது பிட்டத்திலிருந்து காலின் வெளிப்புறமாகப் பெருவிரல் வரை வலி இறங்குகிறது. ஸ்கேனில் நான்காவது, ஐந்தாவது இடுப்பு எலும்புகளுக்கு இடையே ஜவ்வு விலகியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் இல்லாமல் குணமாகுமா? பக்கத்து ஊரில் ஒருவர் தட்டி ஏற்றிவிடுவார் என்கிறார்கள், போகலாமா?
– ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலேயே குணமாகிறது. தட்டி ஏற்றுபவரிடம் மட்டும் போக வேண்டாம்.

‘ஜவ்வு விலகல்’ என்று எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டோம். மருத்துவர்களாகிய நாங்களும் அவசரத்தில் அப்படித்தான் சொல்கிறோம். உண்மையில் அது இடம்விட்டு நகர்வதில்லை. மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு இறுக ஒட்டியிருக்கிறது. உறுதியான நார் வளையமும் அதன் நடுவே கொழகொழப்பான பகுதியும் சேர்ந்ததே ஜவ்வு. வளையத்தில் கீறல் விழுந்தால், நுங்கை அழுத்தும்போது உள்ளிருப்பது பீறி வருவதைப் போல, நடுப்பகுதி பின்பக்கமாகப் பிதுங்கி, காலுக்குச் செல்லும் நரம்பின் வேரை அழுத்துவதோடு அதில் அழற்சியையும் உண்டாக்குகிறது. குறுக்கில் உள்ள கோளாறு பெருவிரலில் வலிப்பது இதனால்தான். நகராத ஒன்றைத் தட்டி ஏற்ற முடியாது. அந்த நிலையில் முதுகை முறுக்குவதும் மிதிப்பதும் நரம்புக்குக் கேடு செய்யக்கூடும்.

பிதுங்கிய பகுதியை உடலே அந்நியப் பொருளாகக் கருதி, வெள்ளணுக்களைக் கொண்டு சிறுகச் சிறுகக் கரைக்கிறது. வியப்பாக, பெரிதாகப் பிதுங்கியவையே பலருக்கு நன்றாகச் சுருங்குகின்றன. ஆகவே ஸ்கேன் தாளைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேன் எடுத்தால் பிதுக்கம் தெரியும்.

குடத்தின் மீது மட்டும் பழிபோட வேண்டாம். முப்பது வயதுக்கு மேல் ஜவ்வில் நீர்ச்சத்து குறைந்துகொண்டே வருகிறது. பரம்பரை, உடற்பருமன், புகைப்பழக்கம் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. மடியில் சுளகை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் குனிந்திருந்த முதுகு, பாரத்தைத் தூக்கித் திரும்பிய நொடியில் தாங்காமல் போயிருக்கலாம்.

சிகிச்சைக்கு வருவோம். வலி மிகுந்தால் ஓரிரு நாள் படுத்திருக்கலாம். அதற்கு மேல் படுக்கையில் கிடந்தால் தசைகள் தளர்ந்து குணமாவது தள்ளிப்போகும். வீட்டுக்குள்ளேயே சிறிது சிறிதாகப் பலமுறை நடங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் இருந்தால் வலி மாத்திரையைக் கடையில் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. பெல்ட்டைச் சில நாட்கள் அணியலாம், பழக்கமாக்க வேண்டாம். இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சிகளில் ஒன்று, குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி மார்பை மெல்ல உயர்த்துவது. அப்போது கால் வலி பாதத்தை விட்டுக் குறுக்கை நோக்கி ஏறினால், குறுக்கில் சற்றுக் கூடினாலும், அது நல்ல அறிகுறி. பாதத்தை நோக்கி இறங்கினால் நிறுத்திவிடுங்கள். வலி பொறுக்க முடியாதவர்களுக்கு நரம்பு வேருக்கு அருகே ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு; அது சில வாரங்களுக்கு ஆறுதல் தரும், பிதுக்கத்தை நீக்காது.

பீடி சுற்றுவதை நிறுத்துங்கள் என்று எழுதுவது எனக்கு எளிது, கூலி உங்களுடையது. ஆகவே தரையில் அமராமல், முதுகுக்குச் சுவர் தாங்கலாக இருக்கும்படி உயரமான மணையில் அமர்ந்து, சுளகைச் சிறு மேசையில் வைத்துச் சுற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலெட்டு நடங்கள். குடத்தை இப்போதைக்கு வேறொருவர் தூக்கட்டும்.

பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் வலி வெகுவாகக் குறையும். அதன் பிறகும் கடுமையாக நீடித்தால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம். 2007இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கால் வலி விரைவாகக் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தனர்.

ஆனால் நடக்கும்போது உங்களை அறியாமல் செருப்பு கழன்று விழுந்தாலோ, குதிகாலில் நிற்கையில் முன்பாதம் தூக்க வராவிட்டாலோ, மலசலம் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, அறியாமல் கசிந்தாலோ, மேலே சொன்ன வாரக்கணக்கு எதுவும் பொருந்தாது. இரவு எந்நேரமானாலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.