செயலி பூஜ்யம் காட்டினால் சத்தே இல்லையா? உணவுப் பதிவு பற்றிய கேள்வி பதில்

சாப்பிடுவதைச் செயலியில் பதிந்து சத்துக் கணக்குப் பார்ப்பது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒன்பது வருடமாக நானும் பதிந்து வருகிறேன், பிறருடைய பதிவுகளையும் பார்த்துத் திருத்திக் கொடுக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மூன்று வாரமாகப் பதிகிறேன் அக்கா. கலோரி, புரதம் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் மெக்னீசியமும் துத்தநாகமும் தினமும் பாதிகூட வருவதில்லை. மாத்திரை வாங்கட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் அனுப்பிய பதிவில் செவ்வாய்க்கிழமையைத் திறந்து பார்த்தேன். காலையில் 50 கிராம் ஓட்ஸ், பாக்கெட்டின் பார்கோடை ஸ்கேன் செய்து சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரியைத் தொட்டுப் பாருங்கள்: மெக்னீசியத்துக்கு நேராக எண்ணே இல்லை, ஒரு சிறு கோடு மட்டும் இருக்கிறது. ஓட்ஸில் 100 கிராமுக்குச் சுமார் 130 மில்லிகிராம் மெக்னீசியம் உண்டு. அப்படியானால் அந்தக் கிண்ணத்தில் மட்டும் 65 மில்லிகிராம் உங்கள் கணக்கில் சேரவில்லை. ரொட்டி, தயிர், வேர்க்கடலை வெண்ணெய் என்று அன்றைக்குப் பார்கோடில் சேர்த்த எல்லாவற்றிலும் இதே கதைதான்.

காரணம் இதுதான். பாக்கெட் லேபிளில் சில சத்துகளை மட்டும் அச்சிட்டால் போதும். அமெரிக்க லேபிளில் கால்சியம், இரும்பு, பொட்டாசியம், வைட்டமின் டி கட்டாயம். மெக்னீசியமும் துத்தநாகமும் கட்டாயம் இல்லை. லேபிளில் இல்லாதது செயலிக்கும் தெரியாது. தெரியாத இடத்தைக் காலியாக விட்டு, கூட்டும்போது பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது. பதிவு செய்பவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த ஓர் இடத்தில்தான். தேவையில்லாமல் மாத்திரை வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது எளிது. தினமும் சாப்பிடும் பத்துப் பதினைந்து பொருள்களுக்குப் பார்கோடு வேண்டாம். பிராண்டு பெயர் இல்லாத, ஆய்வகத்தில் அளந்த பதிவைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்துத் தரவுத்தளமான ஃபுட்டேட்டா சென்ட்ரலில் ‘ஃபவுண்டேஷன்’, ‘எஸ்ஆர் லெகசி’ என்று இருப்பவை அந்த வகை. ‘பிராண்டட்’ என்று இருப்பவை லேபிளிலிருந்து வந்தவை. பல செயலிகள் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே மூலத்தைக் காட்டும். இப்படி மாற்றி ஒரு வாரம் பாருங்கள். அப்புறமும் குறைவாகவே வந்தால் மருத்துவரிடம் பேசலாம்.

அரிசியைச் சமைப்பதற்கு முன் அளப்பதா, சமைத்த பின்பா?

எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம், ஆனால் பதிவும் அதே நிலையில் இருக்க வேண்டும். சமைக்காத அரிசி 100 கிராமுக்குச் சுமார் 360 கலோரி, வெந்த வெள்ளைச் சோறு சுமார் 130. சோற்றை அளந்துவிட்டு அரிசியின் பதிவைத் தொட்டால் கணக்கு மூன்று மடங்குக்குப் பக்கத்தில் ஏறிவிடும்.

வீட்டில் நான்கு பேருக்கு ஒரே பாத்திரத்தில் சமைக்கிறேன். என் பங்கை எப்படிப் பதிவது?

இதற்கு நான் செய்வதை அப்படியே சொல்கிறேன். என் பெரிய பாத்திரம் வெறுமையாக 840 கிராம். அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். பொருள்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துச் செயலியின் சமையல் குறிப்புப் பகுதியில் சேர்க்கிறேன். எண்ணெய்க்குக் கரண்டிக் கணக்கு வேண்டாம். ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் பாட்டிலை எடை போட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 14 கிராம், 120 கலோரி. கண் அளவில் அது இரண்டாகிவிடுவது சாதாரணம்.

அடுப்பை அணைத்ததும் பாத்திரத்தோடு எடை போடுகிறேன். 2,490 வந்தால் 840 கழித்து உணவு 1,650 கிராம். செயலியில் ‘எத்தனை பரிமாறல்’ என்று கேட்கும் இடத்தில் 1650 என்று கொடுத்துவிடுவேன். அப்போது ஒரு பரிமாறல் என்பது ஒரு கிராம். தட்டில் 320 கிராம் எடுத்துக்கொண்டால் 320 என்று பதிந்தால் போதும். எவ்வளவு தண்ணீர் ஆவியானது என்ற கவலையே வேண்டாம், கடைசி எடையில் அது அடங்கிவிடும்.

தட்டைப் படம் எடுத்தாலே கணக்குச் சொல்லும் செயலிகளை நம்பலாமா மேடம்?

படத்தில் எண்ணெய் தெரியாது, கிண்ணத்தின் ஆழமும் தெரியாது. ஞாபகத்துக்குப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அளவை நீங்களே பதியுங்கள்.

1,400 கலோரிதான் பதிவாகிறது. இரண்டு மாதமாக எடை அசையவில்லை. என் உடம்பே வேறு மாதிரியா?

உங்கள் வருத்தம் புரிகிறது. 1992-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. 1,200 கலோரிக்குக் கீழே சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்தபோது, உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உடம்பு செலவழித்த சக்தி அவர்களுக்கு இயல்பாகவே இருந்தது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. ருசி பார்க்க எடுத்த ஒரு கரண்டி, குழந்தை மிச்சம் வைத்தது, விடுமுறை நாளில் பதியாமல் விட்டது, இவையெல்லாம் மனதில் நிற்பதில்லை. இரண்டு வாரம், வாயில் வைப்பதற்கு முன்பே பதியுங்கள். சாப்பிட்ட பிறகு நினைவிலிருந்து எழுத வேண்டாம்.

புரதம், மாவுச்சத்து, கொழுப்பை 4, 4, 9 என்று பெருக்கினால் செயலி காட்டும் கலோரி வருவதில்லையே?

வராது. ஒரு கிராமுக்கு இத்தனை கலோரி என்று சொல்லும் அந்த மூன்று எண்களும் சராசரிகள். நார்ச்சத்துக்குச் சில இடங்களில் 2 என்று எடுப்பார்கள், சில பொருள்களுக்குத் தனி எண்ணே உண்டு. லேபிளில் எண்களைத் தோராயமாக்கியும் போடுவார்கள். 1,980-க்கும் 2,020-க்கும் உள்ள வித்தியாசத்தில் மனதைச் செலவழிக்காதீர்கள்.

பசலைக்கீரையிலேயே நிறையக் கால்சியம் காட்டுகிறது. பாலை விட்டுவிடலாமா?

செயலி காட்டுவது வாய்க்குள் போன அளவு. பாலில் உள்ள கால்சியத்தில் சுமார் 30 சதவீதம் உடலில் சேரும். பசலையில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் சுமார் 5 சதவீதம்தான். பாலை விட்டால் அந்த இடத்துக்குப் பசலை போதாது.

தினமும் எல்லாச் சத்தும் 100 சதவீதம் வர வேண்டுமா?

வேண்டாம். வாரச் சராசரியைப் பாருங்கள். பி12 போன்றதை உடல் கல்லீரலில் சேர்த்தே வைத்திருக்கும்.

என் மகளுக்கு 19 வயது. இப்போது எடை போடாமல் எதையும் சாப்பிட மறுக்கிறாள், பதிய முடியாத இடத்துக்கு வரவே மாட்டேன் என்கிறாள்.

செயலியை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசிச் சொல்லுங்கள். இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எந்தக் கணக்கும் அவளைவிடப் பெரியதில்லை.

சிறுநீரகப் பிரச்சினைக்காக அப்பாவின் உணவுப் பதிவை மருத்துவர் கேட்டிருக்கிறார். என்ன கொடுப்பது?

விடுமுறை நாளும் சேர்ந்த ஏழு நாள் பதிவை ஏற்றுமதி செய்து அச்செடுத்துக் கொடுங்கள். அதற்கு முன், சிறுநீரகப் பிரச்சினையில் கவனிக்க வேண்டிய பாஸ்பரஸ் பத்தியை வரி வரியாகப் பாருங்கள். பாக்கெட் உணவுகளில் பெரும்பாலும் அது காலியாக இருக்கும், மொத்தமும் பாதுகாப்பான அளவு போலத் தெரியும். காலியாக உள்ள ஒவ்வொரு வரியையும் பேனாவால் வட்டமிட்டு, அந்தப் பாக்கெட்டுகளின் பொருள் பட்டியலைப் படம் எடுத்துக் கூடவே கொண்டு போங்கள். பட்டியலில் ‘பாஸ்பேட்’ (பாஸ்பரஸ் உள்ள சேர்க்கை) என்ற சொல் எங்கே வருகிறது என்று மருத்துவர் பார்த்துக்கொள்வார்.